சேத்துப்பட்டிலிருந்து மணப்பாடு வரை

சித்தப்பாவின் முகம் சிவந்துபோன அந்த மத்தியானம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1968, ஆவணி மாதம். சிலுவைக் கோவில் திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. அன்று காலையில் கரைக்கு வந்த வள்ளங்களில் சூரை மீன் ஏராளம். பனிக்கட்டி என்ற ஒன்றை எங்கள் கரை அப்போது பார்த்ததில்லை. பிடித்த மீன் வெயிலோடு வெயிலாக வள்ளத்தின் அடியில் கிடந்து, கரைக்கு வந்து, ஏலம் போய், வீட்டுக்கு வரும்போது உச்சிப் பொழுதாகிவிடும். அம்மா புளி கரைத்து ஊற்றி மண்சட்டியில் குழம்பு வைத்தாள். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சித்தப்பா கை கழுவிவிட்டுத் திண்ணைக்குப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முகம், கழுத்து, காதுமடல் எல்லாம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டன. தலை பிளக்கிறது என்றார். கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "ஏட்டி, எப்படி அடிக்கு பாரு" என்றார். வலைக்குள் அகப்பட்ட மீன் துள்ளுவதுபோல் இருந்தது அது. அதே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றுமே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். "மீனுல என்ன இருக்கு? எல்லாம் அந்த மாத்திரைச் சூடுதான்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. எல்லோரும் தின்ற மீன் ஒன்று. மாத்திரை தின்றவர் சித்தப்பா ஒருவர் மட்டும்தானே. அன்று ராத்திரி அவர் மாத்திரை டப்பாவைத் தொடவில்லை.

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்செந்தூரிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு மணல்குன்று. அதன்மேல் திருச்சிலுவைக் கோவில். 1540ஆம் ஆண்டு புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், உயிர் பிழைத்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, கரை சேர்ந்ததும் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்தக் குன்றில் நட்டார் என்பது ஊரின் வரலாறு. 1542இல் புனித சவேரியார் வந்தார். அவர் தங்கிச் செபித்த குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. கோவில் எழுந்தது 1581இல். செப்டம்பர் 14 திருநாளுக்குக் கொழும்பிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அந்தப் பதினைந்து நாளும் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது.

குன்றின் ஒரு பக்கம் கருமேனியாறு கடலைச் சேரும் இடம். கோடையில் கழிமுகத்தை மணல் மூடிவிடும். உள்ளே தண்ணீர் கண்ணாடிபோல் தேங்கி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் மேற்கே மழை பெய்தால் ஆறு வந்து நிறைந்து, ஒரு ராத்திரியில் மணல்திட்டு உடையும். உடைப்பு அகலமாக இருந்தால் மறுநாளே பாதித் தண்ணீர் வடிந்திருக்கும். குறுகலாக இருந்தால் நாள்கணக்கில் நிற்கும். நாங்கள் பிள்ளைகள் கம்பு நட்டு, அதில் கோடு கீறி, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலையும் மாலையும் போய்ப் பார்ப்போம். நான் பிற்காலத்தில் சோறு தின்றதெல்லாம் அந்த வேலையைச் செய்துதான். கம்புக்குப் பதில் ஊசி. தண்ணீருக்குப் பதில் ரத்தம்.

எங்கள் தெருவில் உயரமான மாடி வீடுகள் பல உண்டு. இலங்கையில் வியாபாரம் செய்து சம்பாதித்த பணத்தில் கட்டியவை. சித்தப்பாவும் பதினெட்டு வயதில் கப்பலேறியவர்தான். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். மாடி வீடு கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் இருமலோடு திரும்பி வந்தார். காசம் என்றார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அவருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. பனை ஓலையில் அம்மா முடைந்த மூடிபோட்ட சின்னப் பெட்டி ஒன்றில் அவருடைய மாத்திரை டப்பா இருக்கும். வெளியூர் அரசு மருத்துவமனையில் மாதம் ஒருமுறை வாங்கி வருவார். வெள்ளை மாத்திரை. ஐ.என்.எச். என்று அதற்குப் பெயர் என்பதை நான்தான் சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

அவருக்கு இன்னொரு தொந்தரவும் இருந்தது. மாத்திரை தின்ன ஆரம்பித்த சில மாதத்தில் பாதம் மதமதத்துப்போய், பிறகு எரிய ஆரம்பித்தது. "நெருப்புல நடக்க மாதிரி இருக்கு ஏட்டி" என்பார். ராத்திரி தூங்காமல் காலைச் செம்புத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருப்பார். சவேரியார் குகைக்குள் ஒரு கிணறு உண்டு. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதில் நல்ல தண்ணீர். அம்மா அந்தத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வைத்து, செபம் சொல்லி அவர் காலில் ஊற்றுவாள். ஊற்றும் நேரம் மட்டும் எரிச்சல் அடங்கும். மருத்துவமனையில் சொன்னீர்களா என்று அப்பா கேட்டார். "சொன்னேன். சத்தா சாப்பிடச் சொன்னாங்க" என்றார் சித்தப்பா.

சூரை தின்ற அந்த நாளுக்குப் பிறகு மாத்திரையைச் சரியாகத் தின்னவில்லை. இருமல் குறைந்திருந்ததால் குணமாகிவிட்டது என்றே வீட்டிலும் நினைத்தோம். மறுவருஷம் இருமல் திரும்பி வந்தது. 1970ஆம் ஆண்டு தவக்காலத்தில் இறந்துபோனார். அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. எனக்குப் பதினைந்து.

பாளையங்கோட்டையில் பி.யு.சி. முடித்து, சென்னையில் பி.பார்ம். சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து மருந்தியல் படிக்கப் போன முதல் பெண் நான். மாத்திரை செய்வது எப்படி, களிம்பு குழைப்பது எப்படி என்றுதான் படிப்பு ஆரம்பித்தது. மூன்றாவது வருஷம் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தார். ஏறி, உச்சி தொட்டு, மெல்ல இறங்கும் கோடு. மாத்திரையை விழுங்கிய பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பதன் படம் அது. குடல் உறிஞ்சுகிறது, ரத்தம் கொண்டுபோய்ப் பரப்புகிறது, கல்லீரல் உருமாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சுவீடனைச் சேர்ந்த டோர்ஸ்டென் தியோரல் 1937இலேயே இந்தப் போக்கைக் கணக்காக எழுதிவிட்டார். ஜெர்மன் குழந்தை மருத்துவர் டோஸ்ட் 1953இல் அதற்கு ஃபார்மகோகைனெடிக்ஸ் என்று பெயர் வைத்தார். மருந்தியக்கவியல் என்கிறோம் நாம். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் கருமேனியாற்றுக் கம்பில் நாங்கள் கீறிய கோடுகள் நினைவுக்கு வந்தன. அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி இதுதான் என் வேலை என்று.

பிற்காலத்தில் அந்த வளைகோட்டுக்காக நானும் என் மாணவர்களும் கழித்த இரவுகள் கொஞ்சமல்ல. தன்னார்வலர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். மாத்திரை கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கொடுத்தபின் அரை மணி, ஒரு மணி, 2, 4, 6, 8 மணி என்று ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு நேரம் தவறினால் அந்த நாளே வீண். எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உறைய வைத்து, பிறகு அளக்க வேண்டும். ஆரம்பத்தில் நிறமானியில் அளந்தோம். தொண்ணூறுகளில் எச்.பி.எல்.சி. கருவி வந்தது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே உள்ள அளவைக் காகிதத்தில் ஒரு முகடாக அது வரைந்து காட்டும்போது, பல வருஷம் ஆன பிறகும், எனக்குக் கை கூப்பத் தோன்றும். பதின்மூன்று வயதில் என் உள்ளங்கைக்குக் கீழே துள்ளிய நெஞ்சுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை இப்படி ஒரு முகடாக அன்று யாரும் பார்த்திருக்கவில்லை.

சென்னையில் எம்.பார்ம். படிக்கும்போதுதான் சேத்துப்பட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் 1956ஆம் ஆண்டு ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்க காலத் தலைவர்களில் ஒருவர். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக இருப்பவர்களுக்கும், நெருக்கடியான வீட்டில் ஏழ்மையில் இருந்தபடி மாத்திரை தின்பவர்களுக்கும் குணமாவதில் வேறுபாடில்லை என்று 1959இல் அவர்கள் காட்டினார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அந்தச் சென்னை ஆய்வு வழி திறந்தது. சித்தப்பாவைத் தனித் தட்டோடு திண்ணையில் வைத்தோமே, அந்த அச்சத்தைத் துடைக்கும் சான்றும் அங்கேதான் கிடைத்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதையும் அவர்கள் பார்த்து எழுதினார்கள்.

அந்த மையம் செய்த இன்னொரு காரியம் என் துறையைச் சேர்ந்தது. ஐ.என்.எச். என்கிற ஐசோனியாசிட் 1912இலேயே பிராகில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட பொருள். அது காசநோய்க்கு மருந்து என்று தெரிய 1952 வரை ஆயிற்று. அதை எல்லோருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் சிதைப்பதில்லை. பிறவியிலேயே மனிதர்களில் வேகமாகச் சிதைப்பவர் உண்டு, மெதுவாகச் சிதைப்பவர் உண்டு. கங்காதரமும் அவரோடு வேலை செய்தவர்களும் 1961இல் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்து வெளியிட்டார்கள். நம்மில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள். ஜப்பானியரில் அப்படிப்பட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவே.

மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் பலகையில் வரைவது கருமேனியாற்றுக் கழிமுகத்தைத்தான். மழை ஒன்று, வரும் தண்ணீர் ஒன்று. உடைப்பின் அகலம்தான் வேறு. ஒருவர் உடலில் ஐசோனியாசிட் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் என்றால், இன்னொருவர் உடலில் மூன்று மணி நேரம். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதலாமவரிடம் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சும். இரண்டாமவரிடம் நாலில் ஒரு பங்கு. தினமும் மாத்திரை தின்றால் இரண்டு பேருக்குமே நோய் குணமாகிறது. வாரம் ஒருமுறை கொடுத்துப் பார்த்தபோது வேகமாகச் சிதைப்பவர்களுக்குப் பலன் குறைந்தது. இதுவும் சென்னையில் கண்டதுதான்.

மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு வேறொரு விலை உண்டு. மருந்து உடலில் அதிக நேரம் தங்கி, பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினைக் குறைத்துவிடும். நரம்பு நுனிகள் பட்டினி கிடக்கும். முதலில் பாதம் மதமதக்கும், பிறகு எரியும். சிறிய அளவில் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுத்தால் போதும், வராமலே தடுக்கலாம். தேவதத்தாவும் மற்றவர்களும் சேத்துப்பட்டு நோயாளிகளிடம் இந்தக் கால் எரிச்சலைக் கண்டு 1960இல் எழுதிய கட்டுரையை நூலகத்தில் வாசித்தபோது, அந்தப் பக்கத்தை என்னால் உடனே புரட்ட முடியவில்லை. குடத்திலிருந்து அம்மா ஊற்றிய தண்ணீரின் சத்தம் காதில் கேட்டது.

அடுத்த அடி 1981இல் விழுந்தது. டியூபர்கிள் என்ற பிரிட்டிஷ் இதழின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பு. கொழும்பைச் சேர்ந்த நெஞ்சுநோய் மருத்துவர் உரகொடவும் மருந்தியல் அறிஞர் கொத்தேகொடவும் எழுதியது. ஐசோனியாசிட் தின்னும் நோயாளிகள் சூரை இனத்து மீனைச் சாப்பிட்டால் முகம் சிவக்கிறது, தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சூரையின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. நல்ல உடம்பில் இருக்கும் நொதி சிறிதளவு ஹிஸ்டமினை ஓசையில்லாமல் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. ஆகவே ஒரே சட்டிக் குழம்பில் ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஏழாவது ஆளுக்கு மட்டும் முகம் சிவக்கிறது.

சித்தப்பா கணக்கெழுதிய அதே கொழும்பு. பெரியம்மா சொன்னதிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. மாத்திரையும் மீனும் சேர்ந்து செய்த வேலை அது. ஒரு சில மாதம் சூரையை ஒதுக்கிவைத்து, கூடவே பி6 மாத்திரையும் தின்றிருந்தால், ஐ.என்.எச். மாத்திரையை அவர் நிறுத்தியிருக்க மாட்டார். நான் அன்று விடுதிக்குப் போகாமல் கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. "சத்தா சாப்பிடுங்க" என்று சொன்னவருக்கும் வேறு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்றை மறக்க முடியவில்லை. சூரைச் செய்தி அன்றைக்கு யாரும் எழுதாதது, அதை விட்டுவிடலாம். கால் எரிச்சலுக்கான விடை 1960இல் சேத்துப்பட்டில் அச்சாகிவிட்டது. சித்தப்பாவின் கால் எரிந்தது 1968இல். சேத்துப்பட்டுக்கும் மணப்பாட்டுக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல். எட்டு வருஷத்தில் அந்த உண்மை அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. வாயில் போட்ட மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரும் வழியை முப்பத்தைந்து வருஷம் அளந்தவள் நான். அந்த மருந்தைப் பற்றிய அறிவு ஒரு கடற்கரைத் திண்ணைக்குப் போய்ச் சேரும் வழியை யாரும் அளப்பதில்லை என்ற எண்ணம் அந்த வருஷங்கள் முழுக்க என்னோடு இருந்தது.

இந்தத் துறை எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் ஒரே பாடம்தான். மருந்தை மட்டும் பார்த்தால் போதாது; அது போய்ச் சேரும் உடம்பையும் பார்க்க வேண்டும். சித்தப்பா சூரை தின்ற அதே 1968இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான பெனிடாயின் மருந்தில், மருந்தின் அளவை மாற்றாமல் கூடச் சேர்க்கும் பொடியை மட்டும் மாற்றினார்கள். கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ். குடல் மருந்தை அதிகமாக உறிஞ்சி, நோயாளிகள் நச்சு ஏறித் தள்ளாடினார்கள். சேத்துப்பட்டு நிறுவனத்தில் பிரேமா குருமூர்த்தியும் கீதா ராமச்சந்திரனும் அவர்கள் குழுவினரும், எச்.ஐ.வி. முற்றிய நோயாளிகளின் குடல் காசநோய் மருந்துகளைக் குறைவாக உறிஞ்சுகிறது என்று 2004இல் காட்டினார்கள். சிறு குழந்தைகளின் உடல் ஐசோனியாசிட்டை விரைவாக வெளியேற்றுகிறது என்று தெரிந்தபின், 2010இல் உலக சுகாதார நிறுவனம் எடைக்கு ஏற்ற அவர்களுடைய அளவைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ கை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். யாரோ விடிய விடிய விழித்து அளந்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றபின் வருஷத்துக்குப் பாதி நாள் மணப்பாட்டில்தான் இருக்கிறேன். ஊர் மாறியிருக்கிறது. வள்ளங்களில் பனிக்கட்டிப் பெட்டி போகிறது. கழிமுகத்துக்குப் பக்கத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் அலையில் பலகை ஏறிச் சறுக்குகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெண்கள் இன்னும் பனை ஓலை முடைகிறார்கள். அம்மா முடைந்த அந்தச் சின்னப் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. அதில் இப்போது என் ரத்த அழுத்த மாத்திரை.

காசநோய் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நானே போய்விடுவேன். மூன்று கேள்விகள் கேட்பேன். சூரையோ, அதைக் காயவைத்த மாசிக் கருவாடோ தின்றீர்களா? கால் மதமதக்கிறதா, எரிகிறதா? வேறு என்ன மாத்திரை தின்கிறீர்கள்? போன வருஷம் ஒரு வலைக்காரத் தம்பி இரண்டாவது கேள்விக்குத் தலையை ஆட்டினார். "ஆமாக்கா, ராத்திரி தூக்கமே இல்ல. மாத்திரைய நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்" என்றார். மறுநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். பி6 எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் எரிச்சல் குறைந்தது. மாத்திரைக் கணக்கை அவர் முழுதும் முடித்தார்.

மருந்துக்கடையில் நிற்கும் என் மாணவர்களுக்கும், இதை வாசிக்கும் உங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கும்போது அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது காசநோய் மாத்திரை தின்றால், முகம் சிவந்தாலும் கால் எரிந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு சேர்த்து மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.